கெட்டிஸ்பர்க்கில் தோற்ற தெற்கு மேலும் 21 மாதங்கள் போரிட்டது எப்படி?

சேலத்தில் போட்டித் தேர்வுக்குத் தயாராகி வருவதாகக் குறிப்பிட்டு நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: அமெரிக்க உள்நாட்டுப் போரின் திருப்புமுனை 1863 ஜூலையில் நடந்த கெட்டிஸ்பர்க் போர் என்று வழிகாட்டி நூல்கள் எல்லாம் சொல்கின்றன, அப்படியானால் அதற்குப் பின்னும் 21 மாதங்கள் போர் நீடித்தது ஏன், தெற்கு உண்மையில் தோற்ற இடம் எது, அந்தப் போருக்கும் நம் ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான். ஒரு பெரிய களத்தில் தோற்ற பிறகும் ஒரு தரப்பால் தொடர்ந்து போரிட முடிகிறதென்றால், அது எதை நம்பி நின்றது, அந்த நம்பிக்கை எப்போது உடைந்தது என்பதையே அவர் அறிய விரும்புகிறார். சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு உலக வரலாறு நடத்திய ஆண்டுகளில் இந்தப் பாடத்தைப் பலமுறை கையாண்டிருக்கிறேன். படைத்துறைப் பயிற்சி எனக்கு இல்லை. ஆகையால் இன்ன தளபதி இன்ன இடத்தில் படையை வேறு விதமாக நகர்த்தியிருக்கலாமா என்பது போன்றவற்றில் என் கருத்துக்கு எடை குறைவு. போர்க்களத்தை அரசியலோடும் பொருளாதாரத்தோடும் சேர்த்து வாசிப்பதே நான் பயின்றது. அந்த அளவில் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் இரு தரப்பும் எதற்காகப் போரிட்டன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வெற்றி, தோல்வி ஆகியவற்றின் பொருள் அதில்தான் இருக்கிறது. 1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் தென் கரோலினா தொடங்கி அடிமை முறை வேரூன்றியிருந்த தென் மாநிலங்கள் ஒன்றியத்தைவிட்டு விலகின. 1861 ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த சம்டர் கோட்டையின் மீது குண்டு வீசியதோடு போர் தொடங்கியது. அதன் பின் மேலும் நான்கு மாநிலங்கள் சேர, விலகியவை மொத்தம் 11 ஆயின. மாநில உரிமைக்காகத்தான் போர் நடந்தது, அடிமை முறைக்காக அன்று என்று இன்றும் சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அது ஏற்கத்தக்கதன்று. விலகிய மாநிலங்கள் பல தாங்களே வெளியிட்ட அறிக்கைகளில் அடிமை முறையைக் காப்பதே காரணம் என்று எழுதிவைத்திருக்கின்றன. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

தெற்கின் நோக்கம் தனி நாடாக நீடிப்பது. அதற்கு வாஷிங்டனைப் பிடிக்க வேண்டியதில்லை. வடக்கு சலித்துப் போய்க் கைவிடும் வரை தாக்குப்பிடித்தால் போதும். வடக்குக்கோ அந்த வசதி இல்லை. மேற்கு ஐரோப்பாவோடு ஒப்பிடத்தக்க பரப்பளவுள்ள நிலத்துக்குள் புகுந்து, படைகளை அழித்து, ஆறுகளையும் ரயில் சந்திப்புகளையும் பிடித்து, ஒவ்வொரு மாநிலமாகத் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது. மக்கள்தொகையில் வடக்கு ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம். தெற்கு 90 லட்சம், அதில் சுமார் 35 லட்சம் பேர் அடிமைகள். ஆலைகளும் ரயில் பாதைகளும் வடக்கிலேயே மிகுதி. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர்கள் முடிவு முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் சலிப்பை எண்களால் அளக்க முடியாது. தெற்கு நம்பியிருந்தது அந்தச் சலிப்பைத்தான். வெளிநாட்டு அங்கீகாரம், மேற்கில் பரந்து கிடந்த நிலம், வடக்கின் மனச்சோர்வு ஆகிய வழிகளில் ஏதேனும் ஒன்று திறந்திருக்கும் வரை தெற்கு ஒரு களத்தில் தோற்றாலும் போரில் தோற்றதாகாது.

இப்போது கெட்டிஸ்பர்க்கைப் பார்ப்போம். தெற்கின் தளபதி ராபர்ட் ஈ. லீ தம் படையோடு பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தார். ஜார்ஜ் மீட் தலைமையிலான வடக்குப் படை அவரை ஜூலை 1 முதல் 3 வரை எதிர்கொண்டது. மூன்றாம் நாள் பிற்பகலில் ஏறத்தாழ 12,500 தென்பகுதி வீரர்கள் செமெட்ரி ரிட்ஜ் என்ற மேட்டை நோக்கி நடந்து, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டோ, காயமுற்றோ, சிறைப்பட்டோ போனார்கள். இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. மேட்டைப் பிடித்திருந்த படை என்று படிக்கும் நம் மாணவர்கள் ஏற்காட்டு மலைச் சரிவைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அது மெல்ல உயரும் வயற்காட்டு மேடு மட்டுமே. தாக்க வந்தவர்களைக் கொன்றது உயரம் அன்று. பீரங்கிகளுக்கு முன்னால் முக்கால் மைல் தூரம் மறைவிடமே இல்லாத வெளியைக் கடக்க வேண்டியிருந்ததுதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கெட்டிஸ்பர்க்கில் 50,000 பேர் இறந்ததாகச் சில குறிப்பேடுகளில் இருக்கிறது. அந்த எண் இறந்தவர், காயமுற்றவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் அனைவரையும் இரு தரப்பிலும் சேர்த்தது. களத்திலேயே இறந்தவர்கள் 7,000 முதல் 8,000 வரை.

லீ தோற்றார் என்பது உறுதி. அதன் பின் வடக்கின் மண்ணில் அத்தகைய பெரும் படையெடுப்பை அவரால் மீண்டும் நடத்த முடியவில்லை என்பதும் உறுதி. ஆனால் அவர் படையோடு தப்பிச் சென்றார். ஜூலை 13 இரவு தொடங்கி அந்தப் படை போட்டோமாக் ஆற்றைக் கடந்து வர்ஜீனியாவுக்குத் திரும்பிவிட்டது. அதை அறிந்த லிங்கன் மீடுக்கு மனக்கசப்போடு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமலே வைத்துக்கொண்டார். போர் முடியும் வாய்ப்பு கை நழுவியது என்று அந்நாளிலேயே அதிபர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. லீ அங்கே வென்றிருந்தால் வடக்கு பணிந்திருக்குமா என்று கேட்டால், அது ஊகம். இரு பக்கமும் வாதிடலாம், மெய்ப்பிக்க முடியாது. கெட்டிஸ்பர்க்கின் புகழுக்குப் போரின் விளைவு மட்டும் காரணமன்று. அது கிழக்கில், பெரிய நகரங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் அருகில் நடந்தது. நான்கு மாதங்கள் கழித்து, நவம்பர் 19 அன்று, லிங்கன் அங்கே ஆற்றிய சிற்றுரை அந்தக் களத்தை நினைவுச் சின்னமாகவே ஆக்கிவிட்டது.

கெட்டிஸ்பர்க் போர் முடிந்த மறுநாள், ஜூலை 4 அன்று, ஆயிரம் மைல் அளவு தள்ளி, மிசிசிப்பி ஆற்றங்கரையில் விக்ஸ்பர்க் நகரம் சரணடைந்தது. என்னைக் கேட்டால் 1863இன் பெரிய நிகழ்வு இதுதான். ஆற்றின் வளைவில் உயர்ந்த கரையின் மீது அமைந்த அந்த நகரின் பீரங்கிகள் கீழே போகும் கப்பல்கள் அனைத்தையும் கட்டுப்படுத்தின. வடக்குத் தளபதி யுலிசிஸ் கிரான்ட் 1862–63 குளிர்காலம் முழுவதும் சதுப்பு நிலங்கள் வழியாகவும் வெட்டிய கால்வாய்கள் வழியாகவும் நெருங்க முயன்று தோற்றார். பின்னர் ஏப்ரல் 16 இரவில் கடற்படைக் கப்பல்கள் நகரின் பீரங்கிகளுக்கு நேர் கீழே துணிந்து கடந்து தெற்கே போயின. கிரான்டின் படை எதிர்க்கரை வழியாக நடந்து போய், ஏப்ரல் 30 அன்று அந்தக் கப்பல்களின் துணையோடு ஆற்றைக் கடந்தது. அதன் பிறகு அவர் நேராக நகரத்துக்குப் போகவில்லை. பின்னாலிருந்த ஜாக்சன் நகரை மே 14 அன்று பிடித்து, உதவிக்கு வரக்கூடிய படையைப் பிரித்துவிட்டு, மேற்கே திரும்பி, மே 16இல் சாம்பியன் ஹில்லில் வென்று, நகரை வளைத்தார். இருமுறை நேரடியாகத் தாக்கிப் பார்த்துப் பெருஞ்சேதத்தோடு பின்வாங்கிய பின்னர் முற்றுகைதான் வழி என்று முடிவு செய்தார். உள்ளே இருந்த மக்கள் மண்சரிவுகளில் குகை தோண்டி வாழ்ந்தார்கள். இறுதியில் கோவேறு கழுதை இறைச்சியை உண்டார்கள். காகிதம் தீர்ந்து, சுவரில் ஒட்டும் தாளின் பின்புறத்தில் செய்தித்தாள் அச்சானது.

விக்ஸ்பர்க் வீழ்ந்ததால் ஆறு முழுவதும் வடக்கின் கையில் வந்தது என்பதே பாடநூல் விளக்கம். ஐந்து நாட்களில் அதே ஆற்றங்கரையில் தெற்கிடம் இருந்த போர்ட் ஹட்சனும் சரணடைந்ததால் அது சரியே. ஆற்றுக்கு மேற்கிலிருந்து வந்த தானியமும் கால்நடையும் நின்றதால் தெற்கு பட்டினியில் விழுந்தது என்று சேர்த்துச் சொல்வார்கள். இதில் எனக்கு ஐயம் உண்டு, ஆய்வாளர்களிடையிலும் கருத்து வேறுபாடு உண்டு; அதே ஆற்றங்கரை நகரங்களான நியூ ஆர்லியன்ஸும் மெம்ஃபிஸும் 1862இலேயே வீழ்ந்துவிட்டதால் அந்த வரத்து முன்பே குறைந்திருந்தது. நான் முதன்மையாகக் கருதுவது வேறு. விக்ஸ்பர்க்கில் ஏறத்தாழ 29,000 வீரர்கள் கொண்ட ஒரு படை முழுதாகச் சரணடைந்தது. இனிப் போரிடுவதில்லை என்று உறுதிமொழி பெற்று விடுவிக்கப்பட்ட அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் மீண்டும் ஆயுதம் ஏந்தியது உண்மைதான். ஆனாலும் ஒரு படை என்ற அமைப்பாக அது இல்லாமற்போயிற்று. கிரான்ட் இப்படி முழுப் படைகளை மூன்று முறை பிடித்தார்: 1862 பிப்ரவரியில் டொனெல்சன் கோட்டையில், 1863இல் விக்ஸ்பர்க்கில், 1865இல் அப்போமட்டாக்ஸில். கெட்டிஸ்பர்க்கில் நடக்காதது இதுதான்.

தெற்கு அப்போதும் தளரவில்லை என்பதற்கு அடுத்த மாதங்களே சான்று. கெட்டிஸ்பர்க்கில் அடிபட்ட அதே லீயின் படையிலிருந்து தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் பிரிவுகளை ரயிலேற்றி ஜார்ஜியாவுக்கு அனுப்பி, செப்டம்பர் 19–20இல் சிக்கமாகாவில் வடக்குப் படையை உடைத்து, சட்டனூகா நகருக்குள் அடைத்தார்கள். பதிலுக்கு வடக்கு தன் கிழக்குப் படையிலிருந்து 20,000க்கு மேற்பட்ட வீரர்களை இரண்டு வாரங்களுக்குள் ரயிலில் டென்னசி எல்லைக்குக் கொண்டு சேர்த்தது. நவம்பர் 25 அன்று மிஷனரி ரிட்ஜ் வீழ்ந்தது. அடிவாரக் குழிகளை மட்டும் பிடிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட வீரர்கள், மேலிருந்து வந்த குண்டுக்கு அடியில் நிற்பதைவிட ஏறிவிடுவதே மேல் என்று மலைமுகட்டுக்கே ஏறிவிட்டார்கள். (இது உண்மையிலேயே செங்குத்தான மலை.) சட்டனூகா வடக்கின் கையில் வந்த பிறகுதான் ஜார்ஜியாவுக்கான வாசல் திறந்தது.

வெளிநாட்டு அங்கீகாரம் என்ற வழி அடைபட்டதற்கு ஓராண்டு பின்னோக்கிப் போக வேண்டும். நம் ஊரோடுள்ள தொடர்பும் அங்கேதான் இருக்கிறது. போருக்கு முன் பிரிட்டனின் ஆலைகளுக்குப் போன பருத்தியில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கத் தெற்கில் விளைந்தது. பருத்தி கிடைக்காவிட்டால் லங்காஷயர் ஆலைகள் நின்றுவிடும், பிரிட்டன் தங்களை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று நம்பிய தென்பகுதிப் பண்ணையார்கள் 1861இல் தாங்களே ஏற்றுமதியை நிறுத்தினார்கள். பின்னர் வடக்கின் கடற்படை முற்றுகை அதை இறுக்கியது. லங்காஷயரில் உண்மையாகவே பஞ்சம் வந்தது. ஆனால் ஆலை முதலாளிகள் எகிப்தையும் இந்தியாவையும் நோக்கித் திரும்பினார்கள். பம்பாயில் பருத்தி விலை பல மடங்கு ஏறி, பணம் கொழித்து, போர் முடிந்த 1865இல் அத்தனையும் சரிந்தது. மதராஸ் மாகாணத்தில் திருநெல்வேலிப் பருத்தியும் கோவைப் பருத்தியும் கப்பலேறின. கரிசல் நிலத்து விவசாயிக்கும் வணிகருக்கும் ஆதாயம்; கைத்தறி நெசவாளருக்கு நூல் விலை ஏற்றம். மாகாண அளவில் நெசவாளர்கள் இதனால் துன்புற்றது உறுதியான செய்தி. மாகாணத்தின் பெரிய நெசவு ஊர்களில் ஒன்றான சேலம் இதற்கு விலக்காக இருந்திருக்காது என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடும் வீடுகளிலிருந்து வந்த மாணவர்களுக்கு இந்தப் பகுதியை நடத்தும்போது நான் அதிகம் விளக்க வேண்டியிருந்ததில்லை. நூல் விலை ஏறினால் முதலில் யார் வீட்டு அடுப்பு அணையும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிரிட்டன் தெற்கை ஏற்குமா என்ற கேள்வி 1862 இலையுதிர் காலத்தில் உச்சத்தில் இருந்தது. செப்டம்பர் 17 அன்று மேரிலாந்தில் ஆன்டீட்டம் ஓடைக்கரையில் லீயின் முதல் வடக்குப் படையெடுப்பு தடுக்கப்பட்டது. ஒரே நாளில் இரு தரப்பிலும் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போனார்கள். அமெரிக்க வரலாற்றில் அதைவிடக் குருதி சிந்திய ஒற்றை நாள் போர் இல்லை. களக் கணக்கில் ஏறத்தாழ சமநிலை. வடக்குத் தளபதி மக்கிளெலன் தப்பியோடிய லீயைத் துரத்தவும் இல்லை. ஆயினும் லிங்கனுக்குத் தேவைப்பட்டது வெற்றி என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று. ஐந்து நாட்களில், செப்டம்பர் 22 அன்று, கிளர்ச்சி செய்யும் மாநிலங்களில் உள்ள அடிமைகள் 1863 ஜனவரி 1 முதல் விடுதலை பெற்றவர்கள் என்ற முன்னறிவிப்பை வெளியிட்டார். அன்றிலிருந்து அது ஒன்றியத்தைக் காக்கும் போராக மட்டும் இல்லை. ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடக்கின் தரைப்படையில் சேர்ந்து போரிட்டார்கள். தங்கள் விடுதலையை அவர்கள் பிறர் கையால் மட்டும் பெறவில்லை என்பதை இந்தப் பாடத்தில் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. ஆன்டீட்டம் ஒன்றே பிரிட்டனைத் தடுத்தது என்று சொல்வது மட்டும் மிகை. அந்தப் போருக்குப் பின்னும், அக்டோபரில், அமைச்சர் கிளாட்ஸ்டன் தெற்கு ஒரு தேசமாகிவிட்டது என்ற பொருளில் பொதுமேடையில் பேசினார். சமரசத் தலையீடு குறித்து அமைச்சரவை விவாதித்து, நவம்பரில்தான் கைவிட்டது. தடையாக இருந்தது ஆன்டீட்டம், அடிமை முறைக்குத் துணைபோகத் தயங்கிய பொதுக்கருத்து, வடக்கோடு போர் மூளும் அச்சம் ஆகியவற்றின் கூட்டு விளைவு.

எஞ்சியது வடக்கின் சலிப்பு. 1864 கோடையில் தெற்கு வெற்றிக்கு மிக அருகில் வந்தது என்பதே என் துணிபு. கெட்டிஸ்பர்க்குக்கு ஓராண்டு கழித்து! மே மாதம் கிரான்ட் வர்ஜீனியாவில் லீயோடு மோதத் தொடங்கி, வில்டர்னஸ், ஸ்பாட்சில்வேனியா, கோல்ட் ஹார்பர் என்று ஆறு வாரங்களில் ஏறத்தாழ 55,000 பேரைச் சேதமாகக் கொடுத்தார். கோல்ட் ஹார்பரில் ஜூன் 3 அன்று அரை மணி நேரத்தில் 7,000 பேர் வீழ்ந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுவது ஐயத்துக்குரியது. பிற்கால ஆய்வுகள் அந்த நேரத்துக்கான எண்ணிக்கையைக் குறைத்தே மதிப்பிடுகின்றன. எப்படியிருந்தாலும் நாள்தோறும் செய்தித்தாள்களில் வந்த பெயர்ப் பட்டியல்கள் வடக்கின் வீடுகளை உலுக்கின. தெற்கின் தலைநகர் ரிச்மண்டுக்கு அருகிலுள்ள பீட்டர்ஸ்பர்க் முன் முற்றுகை தேங்கி நின்றது. ஜூலையில் தென்படை ஒன்று வாஷிங்டனின் புறக்கோட்டை வரை வந்து திரும்பியது. ஆகஸ்ட் 23 அன்று லிங்கன், தாம் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட மாட்டோம் என்றே தோன்றுகிறது என்று ஒரு தாளில் எழுதி மடித்து, உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாமலே அமைச்சர்களிடம் கையொப்பம் வாங்கி வைத்தார். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி அந்த மாத இறுதியில் சிகாகோவில் கூடி, போர் தோல்வியடைந்தது, பேச்சுவார்த்தை தொடங்க வேண்டும் என்ற தீர்மானத்தோடு மக்கிளெலனை வேட்பாளராக்கியது.

அடுத்த சில நாட்களில், செப்டம்பர் 2 அன்று, வடக்குத் தளபதி ஷெர்மனின் படை ஜார்ஜியாவின் அட்லாண்டா நகருக்குள் நுழைந்தது. மே தொடக்கத்திலிருந்து அங்கே தெற்கின் தளபதியாக இருந்த ஜோசப் ஜான்ஸ்டன் பெரிய மோதலைத் தவிர்த்துப் பின்வாங்கிப் பின்வாங்கியே காலம் கடத்தியிருந்தார். ஜூன் 27 அன்று கென்னசா மலையில் ஷெர்மனின் நேரடித் தாக்குதலை முறியடித்தும் இருந்தார். தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் பொறுமையிழந்து ஜூலை 17இல் அவரை நீக்கி ஜான் பெல் ஹூடை அமர்த்தினார். ஹூட் அடுத்தடுத்துத் தாக்கித் தம் படையைத் தேய்த்துக்கொண்டார். கடைசி ரயில் பாதையும் அறுந்ததும் நகரைக் காலி செய்தார். ஜான்ஸ்டனே தொடர்ந்திருந்தால் நவம்பர் வரை அட்லாண்டா நின்றிருக்குமா? நல்ல கேள்வி, ஆனால் விடை காண முடியாதது. உறுதியானது என்னவென்றால், அட்லாண்டா வீழ்ந்த செய்தியோடு வடக்கின் மனநிலை சில வாரங்களில் மாறியது. மொபைல் விரிகுடாவில் கடற்படை முன்பே பெற்ற வெற்றிக்கும் அப்போதுதான் முழு மதிப்புக் கிடைத்தது. ஷெனன்டோவாப் பள்ளத்தாக்கில் வடக்குத் தளபதி ஷெரிடன் வென்றார். நவம்பர் 8 தேர்தலில் லிங்கன் 212 தேர்வாளர் வாக்குகளும் (மாநிலவாரியாக அதிபரைத் தேர்ந்தெடுப்போரின் வாக்குகள்) மக்கிளெலன் 21ம் பெற்றார்கள். களத்தில் இருந்த வீரர்களே ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் லிங்கனுக்கு வாக்களித்தார்கள். மக்கிளெலன் வென்றிருந்தால் தெற்கு தனி நாடாகியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தம் கட்சியின் சமாதானத் தீர்மானத்தை அவரே ஏற்கவில்லை. ஆனால் தெற்கு அந்தத் தேர்தலைத்தான் நம்பியிருந்தது, அது போனதும் அதற்கு நம்ப எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே ஒன்றை மட்டும் குறிப்பிடு என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் அட்லாண்டாவையே குறிப்பிடுவேன். தேர்வில் கெட்டிஸ்பர்க் என்று விடைக்குறிப்பு இருந்தால் அதையே குறியுங்கள். கட்டுரை எழுத வாய்ப்புக் கிடைத்தால் விக்ஸ்பர்க்கையும் அட்லாண்டாவையும் சேர்த்து, ஏன் என்று எழுதுங்கள்.

அதற்குப் பின் நடந்தவற்றில் முடிவு பற்றிய ஐயம் இல்லை. ஷெர்மன் கடலை நோக்கி நடந்து டிசம்பர் 21 அன்று சவான்னாவைப் பிடித்தார். அதே மாத நடுவில் ஹூடின் படை நாஷ்வில்லில் சிதறியது. 1865 ஏப்ரல் 2 அன்று பீட்டர்ஸ்பர்க் அரண் உடைந்து, மறுநாள் தலைநகர் ரிச்மண்ட் வீழ்ந்தது. ஏப்ரல் 9 அன்று அப்போமட்டாக்ஸில் லீ சரணடைந்ததையே போரின் முடிவாகக் குறிப்பது வழக்கம், தேதி கேட்டால் அதையே எழுதலாம். ஆனால் அன்று சரணடைந்தது ஏறத்தாழ 28,000 பேர் கொண்ட ஒரு படை மட்டுமே. லிங்கன் ஏப்ரல் 14 இரவு சுடப்பட்டு மறுநாள் இறந்தபோது ஜான்ஸ்டனின் படை இன்னும் களத்தில் இருந்தது. அது ஏப்ரல் 26இல் பணிந்தது. இறந்தோர் எண்ணிக்கை நீண்ட காலமாக 6,20,000 என்று எழுதப்பட்டது. 2011இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆராய்ந்து ஏறத்தாழ 7,50,000 என்று ஒரு மதிப்பீடு வந்தது. இரண்டுமே மதிப்பீடுகள்தான், களத்தில் விழுந்தவர்களைவிட நோயால் மாண்டவர்களே மிகுதி என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. டெக்சாஸில் இருந்த அடிமைகளுக்கு விடுதலை அறிவிப்பு ஜூன் 19 அன்றுதான் வாசிக்கப்பட்டது. ஒன்றியத்தைவிட்டு விலகாத கென்டக்கியிலும் டெலவேரிலும் விடுதலைப் பிரகடனம் செல்லாது என்பதால், 1865 டிசம்பரில் 13ஆவது அரசமைப்புத் திருத்தம் நிறைவேறும் வரை அங்கே அடிமை முறை சட்டப்படியே நீடித்தது.